சின்ன லேத்தில் ஆட்டத்தைத் தேடுதல்

உலோகத்தைச் சுழற்றிக் கடையும் சின்ன லேத் ஒன்று வீட்டுப் பட்டறைக்கு வந்து இறங்கியதும் கூடவே ஒரு பட்டியலும் வந்துவிடும். வெட்டும் டூலைச் சட்டென்று மாற்றும் டூல் போஸ்ட், நகர்வைத் திரையில் எண்ணாகக் காட்டும் டிஜிட்டல் ரீட்அவுட், இன்னும் பெரிய மோட்டார், வேலைப்பொருளைப் பிடித்துச் சுழற்றும் சக் பளபளவென்று புதிதாக ஒன்று. எல்லாம் நல்ல சாமான்கள்தான், என்னிடமும் இருக்கின்றன. வாங்கும் வரிசையில்தான் எனக்கு மாற்றுக் கருத்து. மெஷினுக்குச் சக்தி போதவில்லை, அளவு துல்லியமாக வரவில்லை என்று நாம் அலுத்துக்கொள்ளும் பெரும்பாலான நேரங்களில் நடப்பது வேறு. எங்கோ ஏதோ ஒன்று ஆடுகிறது, இல்லையென்றால் வளைகிறது. அதைக் கண்டுபிடித்து நிறுத்தாதவரை, வாங்கி மாட்டுவதெல்லாம் அந்த ஆட்டத்தின் மேல்தான் போய் உட்காரும்.

வீட்டுப் பட்டறைகளில் பரவலாகப் பார்க்கக் கிடைப்பது பெட் என்கிற அடித்தளத்துக்கு மேல் சுமார் 180 மி.மீ. விட்டம் சுழலும் லேத். அங்குலக் கணக்கில் ‘ஏழுக்குப் பன்னிரண்டு’, ‘ஏழுக்குப் பதினாலு’ என்று அழைப்பார்கள். பல பெயர்களில், பல நிறங்களில் விற்றாலும் உள்ளே ஏறக்குறைய ஒரே அமைப்பு. சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டிலில் மோர்ஸ் டேப்பர் 3 என்ற கூம்புத் துளை, எதிர்முனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கில் மோர்ஸ் டேப்பர் 2, குமிழைத் திருகி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டி.சி. மோட்டார். இதை வேலை முடிந்த மெஷின் என்று எண்ணி வாங்குகிறவர் முதல் வாரத்திலேயே சலித்துப்போவார். மெஷினாகப் பொருத்திப் பார்த்த உதிரிப்பாகங்கள் என்று எடுத்துக்கொண்டு, முழுக்கக் கழற்றித் துடைத்து, பிசிறு அரவி, எண்ணெயிட்டு, மறுபடி நாமே பொருத்தினால் அதே சாமான் வேறு ஆளாக மாறிவிடும்.

சரி, வளைவுக்கு வருவோம். ஒரு முனை பிடிபட்டு மறுமுனை நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, அதே விசைக்கு, தன் நீளத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப வளையும். டூல் 40 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் வளைவதில் எட்டில் ஒரு பங்குதான் 20 மி.மீ. நீட்டும்போது வளையும். காசு எதுவும் செலவில்லாத மேம்பாடு இது. டூலை உள்ளே தள்ளிப் பிடித்தால் போதும். உள்துளை கடையும் போரிங் பாரில் விட்டத்தின் கணக்கு இன்னும் சாதகமானது, அங்கே நான்காம் அடுக்கு. 10 மி.மீ. பாரை எடுத்துவிட்டு 12 மி.மீ. பார் போட்டால் விறைப்பு இரண்டு மடங்கு ஆகிவிடும். இந்த இரண்டு கணக்கையும் மனதில் வைத்துக்கொண்டு மெஷினைப் பார்க்க ஆரம்பித்தால், விற்பனைப் படங்களில் மின்னுகிற பாதிப் பொருள்கள் மேல் ஆசை தானாகக் குறையும்.

ஆட்டத்தைத் தேட, மிகச் சின்ன நகர்வையும் காட்டும் டயல் கேஜ் ஒன்று, காந்த அடிப்பாகம் ஒன்று, இரண்டு கை, இவ்வளவு போதும். வெட்டும்போது விசை போகும் வழியை ஒரு சங்கிலியாக எண்ணிக்கொள்ளலாம். சக், ஸ்பிண்டில், பேரிங், அவற்றைத் தாங்கும் ஹெட்ஸ்டாக், பெட், அதன்மேல் நீளவாக்கில் ஓடும் சாடில், குறுக்கே ஓடும் கிராஸ் ஸ்லைடு, கோணத்தில் திருப்பக்கூடிய காம்பவுண்ட் ஸ்லைடு, டூல் போஸ்ட், கடைசியில் டூல். கேஜை ஒரு கண்ணியில் நிறுத்தி முள்ளை அடுத்த கண்ணியில் தொடவைத்துவிட்டு, கையால் நன்றாக அழுத்தி இழுக்க வேண்டும். 0.01 மி.மீ. நகர்ந்து திரும்பி வந்தால் அது வார்ப்பிரும்பின் இயல்பான நெளிவு, விட்டுவிடலாம். 0.05 நகர்ந்து அங்கேயே நின்றுவிட்டால் அது ஆட்டம். எல்லாக் கண்ணிகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டால் எங்கே கைவைப்பது என்று அந்தத் தாளே சொல்லிவிடும். பெரும்பாலும் முதலில் அகப்படுவது சாடில்.

இந்தவகைச் சின்ன லேத்தில் சாடில் மேலே எழும்பாமல் தடுக்க, பெட்டுக்கு அடியில் இரண்டு பட்டைகள் இருக்கும். சில திருகுகள் அவற்றை மேலே இழுக்கும், சில கீழே தள்ளும். இந்த இழுபறிக்கு நடுவில் பட்டை கொஞ்சம் வளைந்தபடியே நிற்கும். சாடில் ஒரு இடத்தில் இறுகி இன்னொரு இடத்தில் தளர்வது இதனால்தான். இதற்கு விலைகொடுத்து வாங்கும் மருந்து இல்லை. பட்டைக்கும் சாடிலுக்கும் நடுவே சரியான தடிமனில் ஷிம் தகடு வைத்து, இழுக்கும் திருகுகளை மட்டும் முழுக்க இறுக்கிவிடுவதே நிலையான தீர்வு. கிராஸ் ஸ்லைடின் இடைவெளியை நிரப்பும் கிப் பட்டையும் அப்படித்தான். கண்ணாடித் தகட்டின் மேல் எமரித் தாளை ஒட்டி, எண்ணெய் விட்டு, கிப்பின் முகத்தைத் தட்டையாகும்வரை தேய்க்க வேண்டும். திருகுகளின் முனைகள் கிப்பில் உள்ள குழிகளில் ஒழுங்காக உட்கார வேண்டும். ஒரு மாலை முழுக்கத் தேய்த்துவிட்டு நிமிர்ந்தால் படமெடுத்துக் காட்ட ஒன்றும் இருக்காது. ஆனால் அடுத்த நாள் ஸ்டீலில் ஒரு மி.மீ. ஆழம் கொடுக்கும்போது முன்பு போட்ட கிறீச்சுச் சத்தம் வராது.

அதற்கடுத்து என் பரிந்துரை பலருக்குப் பிடிக்காது. காம்பவுண்ட் ஸ்லைடைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். டேப்பர், அதாவது கூம்பு, கடைவதற்கும் சிலவகை மரை வெட்டுவதற்கும் அது தேவைதான். மற்ற நாட்களில் அது சங்கிலியில் ஒரு பலவீனமான கண்ணி. விரிந்த வால் வடிவில் பிடிக்கும் மெல்லிய டவ்டெயில், சின்ன கிப், சுழலும் அடித்தட்டு, அதைப் பிடிக்க இரண்டே போல்ட். அந்த இடத்தில் அதே உயரத்துக்கு ஒரு கட்டி இரும்பை அல்லது வார்ப்பிரும்பை மில்லிங் செய்து உட்காரவைத்து, அதன்மேல் டூல் போஸ்ட்டை இறுக்கிவிட்டால் மெஷின் ஒரு அளவு பெரிதானதுபோல நடந்துகொள்ளும். டூல் போஸ்ட்டை மாற்றுவதைவிட அதன் அடியில் இருப்பதை மாற்றுவது பலமடங்கு லாபம்.

துண்டு வெட்டும் பார்ட்டிங் வேலையில்தான் இந்த வித்தியாசம் உறைக்கும். சின்ன லேத் வைத்திருப்பவர்கள் பார்ட்டிங் என்றாலே முகம் சுளிப்பார்கள். பிளேடு கொஞ்சம் வளைந்ததும் கீழிறங்கி வேலைப்பொருளுக்குள் குத்தும். குத்தியதும் இன்னும் வளையும், அப்புறம் டமார். இதற்கு இங்கிலாந்து மாடல் எஞ்சினியர்கள் நெடுங்காலமாகச் செய்யும் வழி, கிராஸ் ஸ்லைடின் பின்பக்கம் ஒரு தனி டூல் போஸ்ட் வைத்து, பிளேடைத் தலைகீழாகப் பிடிப்பது. அப்போது வெட்டும் விசை டூலை மேல்நோக்கித் தள்ளும். பிளேடு வளைந்தாலும் வேலைப்பொருளை விட்டு விலகத்தான் பார்க்கும், உள்ளே குத்தாது. சுருள்களும் புவியீர்ப்பில் கீழே விழுந்துவிடும், வெட்டிய பள்ளத்தில் சிக்காது. மேலே தூக்கும் விசை வருவதால் சாடிலின் அடிப்பட்டைகள் சரியாக இருக்க வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. அதனால்தான் ஷிம் வேலையை முதலில் சொன்னேன்.

பேரிங் மாற்றுவது எல்லோரும் பேசுகிற மேம்பாடு. பல சின்ன லேத்களின் ஸ்பிண்டிலில் 6206 என்ற சாதாரண பால் பேரிங் இரண்டு இருக்கும். உள்விட்டம் 30, வெளிவிட்டம் 62, அகலம் 16 மி.மீ. இதற்குப் பதில் 30206 டேப்பர் ரோலர் போடுகிறார்கள். விட்டங்கள் ஒன்றே, அகலம் மட்டும் 17.25. ஆகவே ஸ்பேசரைக் கொஞ்சம் சுருக்க வேண்டும். மூடியில்லாத பேரிங் என்பதால் சுருள் உள்ளே புகாமல் ஒரு தடுப்பும் செய்ய வேண்டும். இவ்வளவு வேலை வேண்டாம் என்பவர்களுக்கு 7206 என்ற ஆங்குலர் காண்டாக்ட் பேரிங் இருக்கிறது. அது 6206-இன் அதே மூன்று அளவுகளும் கொண்டது, நேராக உட்காரும். எதைப் போட்டாலும் பலன் தருவது பேரிங்கை ஆட்டமில்லாமல் இறுக்கிவைக்கும் முன்னழுத்தம்தான். நட்டை இறுக்கி, மிதமான வேகத்தில் ஓடவிட்டு, ஹெட்ஸ்டாக்கைத் தொட்டுப் பார்த்து, கை வைத்திருக்க முடிகிற வெதுவெதுப்பில் நிறுத்துவது. சுட்டால் தளர்த்த வேண்டும். ஆனால் ஒன்று, பால் பேரிங்கே நல்ல நிலையில் இருந்து, வெட்டு சுத்தமாக வந்தால் அதைத் தொடவேண்டிய அவசியமே கிடையாது. ஸ்பிண்டிலைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்றைக் கெடுக்க வாய்ப்பிருக்கிறது.

பெட்டைப் பற்றிச் சுருக்கமாக. கோணலான மேசையில் நான்கு மூலையையும் இறுக்கிப் போல்ட் போட்டால் எவ்வளவு தடித்த பெட்டும் முறுக்கிக்கொள்ளும். சக்கில் 25 மி.மீ. கம்பியை 150 மி.மீ. நீட்டிப் பிடித்து, டெயில்ஸ்டாக் துணையில்லாமல், இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு வளையம் மட்டும் விட்டு நடுப்பகுதியைக் குறைத்துவிட்டு, இரண்டு வளையத்தையும் ஒரே அமைப்பில் மெல்லிய வெட்டால் கடைய வேண்டும். மைக்ரோமீட்டரில் இரண்டும் ஒன்றாக இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் டெயில்ஸ்டாக் பக்கத்து ஒரு காலுக்கு அடியில் மெல்லிய ஷிம் வைத்துத் திரும்பக் கடைந்து பார்ப்பது. ரசமட்டம் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் தீர்ப்பு சொல்வது அந்த இரண்டு வளையங்கள்தான்.

மோட்டார் விஷயத்தில் எனக்கு மனம் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் அதை ஆடம்பரம் என்று நினைத்திருந்தேன். ஒருமுனை மின்சாரத்தை எடுத்து மும்முனையாக மாற்றிக்கொடுத்து வேகத்தையும் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி.யும் ஒரு மும்முனை மோட்டாரும் போட்ட பழைய லேத்தை ஓட்டிப் பார்த்தபோது அந்த எண்ணம் போயிற்று. ஒருமுனை மோட்டாரின் முறுக்குவிசை துடித்துத் துடித்து வரும், அந்தத் துடிப்பு கடைந்த பரப்பில் வரிவரியாகத் தெரியும். மும்முனையில் அது ஏறக்குறைய இல்லை. கவனிக்கவேண்டியவை சில. மோட்டாரை 230 வோல்ட்டுக்கு ஏற்ப டெல்டா இணைப்பில் மாற்ற வேண்டியிருக்கலாம். வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவில் சுவிட்ச் வைக்கக்கூடாது, நிறுத்துவதும் ஓட்டுவதும் அதன் கட்டுப்பாட்டு முனைகள் வழியாகத்தான். வேகத்தை மிகவும் குறைத்து ஓட்டினால் மோட்டாரின் விசிறியும் மெதுவாகும், சூடாகிவிடும். ஆகவே பெல்ட்டுப் படிகளைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது நல்லது. இன்னொன்று, சக் மரையில் திருகி மாட்டும் வகை லேத்தில் வி.எஃப்.டி.யின் பிரேக்கைக் கடுமையாக வைத்தால் ஸ்பிண்டில் நின்றும் சக் நிற்காமல் கழன்றுகொண்டு வரும். அது விழும் இடத்தில் கால் இருக்கக்கூடாது.

டிஜிட்டல் ரீட்அவுட் வசதி, அவ்வளவுதான். ஐந்து மைக்ரான் காட்டும் கண்ணாடி அளவுகோல் மாட்டிய லேத்திலும் டூல் வளைந்தால் வளைந்ததுதான், திரையில் வரும் எண்ணுக்கு அது தெரியாது. மில்லிங் மெஷினில் கைப்பிடி சுற்றுகளை எண்ணுவதிலிருந்து விடுதலை கிடைக்கும் என்பதால் அங்கே முதலில் போடுவேன். லேத்தில் கடைசியில்.

பழைய மெஷின் சேகரிப்பது வேறு சுகம். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் அருகே பீஸ்டனில் செய்த மைஃபோர்ட் எம்.எல்.7 என்ற லேத் 1946-இல் வந்தது. அதன் ஸ்பிண்டில் ஓடுவது வெள்ளை உலோகம் என்ற மென்மையான கலவையில், பால் பேரிங் கிடையாது. தேய்ந்தால் மேல்மூடிக்கு அடியிலுள்ள ஷிம்மில் ஒரு ஏட்டை உரித்துவிட்டு மறுபடி இறுக்கலாம். வீட்டில் இருப்பவர் தானே சரிசெய்துகொள்ள வேண்டும் என்று நினைத்து வடிவமைத்திருக்கிறார்கள். ஆஸ்திரியாவின் எம்கோ கம்பெனி செய்த யூனிமேட் இன்னொரு எல்லை. இரண்டு உருண்டைக் கம்பிகளே பெட், ஹெட்ஸ்டாக்கைக் கழற்றி ஒரு செங்குத்துத் தூணில் மாட்டி டிரில்லிங், மில்லிங் எல்லாம் செய்யலாம். அழகான யோசனை, ஆனால் மேலே சொன்ன வளைவுக் கணக்குப்படி பார்த்தால் கடிகார உதிரிபாகங்களுக்கு மேல் அதனிடம் கேட்பது நியாயமில்லை. என்னிடம் யூனிமேட் இருந்தால் வேலை வாங்காமல் கண்ணாடி அலமாரியில் வைத்திருப்பேன்.

பழையதைப் பார்க்கப் போகும்போது பெயிண்டைப் பார்க்காதீர்கள். புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் சந்தேகம் கூடட்டும். லேத் பெட் எப்போதும் சக்கை ஒட்டிய பகுதியில்தான் தேயும், வேலை நடப்பது அங்கேதான். சாடிலைச் சக் பக்கத்தில் வைத்து கிப்பை இறுக்கிவிட்டு டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளினால், தேய்ந்த பெட்டில் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். டிரில்லிங் மெஷின் மேசையில் எத்தனை குழிகள், மில்லிங் மேசையின் ‘டி’ பள்ளங்கள் உடைந்திருக்கின்றனவா, ஸ்பிண்டிலைக் கையால் சுற்றும்போது சொரசொரப்பு வருகிறதா என்று பார்க்கலாம். இவற்றைவிட நான் முதலில் தேடுவது கூட வரும் பெட்டியை. மாற்றுப் பல்சக்கரங்கள், நான்கு தாடைச் சக், நீளமான வேலைப்பொருளைத் தாங்கும் ஸ்டெடி, கோணல்மாணலான பொருளைப் பிடிக்கும் ஃபேஸ்பிளேட் எல்லாம் கூட வந்தால் கொஞ்சம் தேய்ந்த மெஷினையும் எடுக்கலாம். இவை இல்லாத நல்ல மெஷின் பின்னால் நிறைய அலையவைக்கும்.

அந்தப் பல்சக்கரங்களில் 127 பல் உள்ளது இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு அங்குலம் 25.4 மி.மீ. அதை ஐந்தால் பெருக்கினால் 127. மரை வெட்டும்போது சாடிலை நகர்த்தும் லீட்ஸ்க்ரூ அங்குல அளவில் உள்ள லேத்தில் மெட்ரிக் மரையை மிகச்சரியாக வெட்ட வழி அந்த எண் வழியாகத்தான். 127 பகா எண் என்பதால் சின்னச் சக்கரங்களாகப் பிரித்துச் செய்யவும் முடியாது. இடம் போதாத சின்ன லேத்தில் 63 பல்லை வைத்து நெருக்கமாக ஏமாற்றுவார்கள். குட்டையான மரைக்கு அந்தப் பிழை தெரியாது.

துரு பயமுறுத்த வேண்டாம். தண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, துருப்பிடித்ததை எதிர்மின்முனையிலும் ஏதாவது பழைய இரும்பை நேர்மின்முனையிலும் மாட்டி, பேட்டரி சார்ஜரைப் போட்டால் துரு சேறாக உதிரும். காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும், ஹைட்ரஜன் வரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை நேர்மின்முனையாக வைக்கவே கூடாது, குரோமியத்தின் நச்சுச் சேர்மம் கரைசலில் இறங்கும். ஸ்பிரிங் போன்ற கடினப்படுத்திய பாகங்களையும் இதில் போட வேண்டாம், நொறுங்கும் தன்மை வந்துவிடலாம்.

மில்லிங் பக்கம் என் அனுபவம் குறைவு. உருண்டைத் தூண் உள்ள மில்-டிரில் வகையில் தலையை ஏற்றி இறக்கும்போது அது கொஞ்சம் சுழன்று, குறித்த இடம் தொலைந்துபோகும். அதற்காக லேசர் ஒன்றை மாட்டி எதிர்ச் சுவரில் கோடு போட்டு மீட்பவர்கள் உண்டு, கெட்டிக்காரத்தனம்தான். டவ்டெயில் தூண் கிடைத்தால் அதையே எடுப்பேன். ஸ்பிண்டிலின் கூம்பு ஆர்8 வகையாக இருந்தால், மேலிருந்து இழுத்துப் பிடிக்கும் டிராபாரைத் தளர்த்தி லேசாகத் தட்டியதும் டூலைப் பிடிக்கும் கொலெட் விடும். மோர்ஸ் டேப்பர் பிடித்துக்கொள்ளும், சுத்தியல் வேண்டும், ஒவ்வொரு அடியும் பேரிங்குக்குப் போகும். ஈ.ஆர்.32 கொலெட் தொகுதி ஒன்று வாங்கினால் லேத்துக்கும் மில்லுக்கும் சேர்த்துப் பயன்படும்.

டூலுக்கு எச்.எஸ்.எஸ். என்ற ஹை ஸ்பீட் ஸ்டீல் போதும் என்பது பழமைவாதம் இல்லை. கழற்றி மாட்டும் முனைகளான கார்பைடு இன்செர்ட்டுகளில் பல, பெரிய மெஷின் தள்ளுகிற விசையை எதிர்பார்த்து விளிம்பை மழுங்கலாக வைத்தவை. சின்ன லேத்தில் அவை வெட்டாமல் தேய்க்கும், வேலைப்பொருளை அழுத்தி விலக்கும். சாணையில் தீட்டிய கூர்மையான எச்.எஸ்.எஸ். குறைந்த விசையில் வெட்டும். 20 மி.மீ. மைல்டு ஸ்டீலுக்கு நிமிடத்துக்கு ஐந்நூறு சுற்றுக்குள் ஓட்டினால் விளிம்பும் நெடுநேரம் நிற்கும். இன்செர்ட்தான் வேண்டுமென்றால் அலுமினியத்துக்கென்று கூராகத் தீட்டி மெருகேற்றியவற்றை வாங்கலாம். ஸ்டீலிலும் மெல்லிய வெட்டுக்கு அருமையாக இருக்கும்.

ஒன்றையொன்று செய்துகொள்வதுதான் மெஷின்களின் தனிக் குணம். 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹென்றி மாட்ஸ்லி மரை வெட்டும் லேத்தைச் செம்மைப்படுத்தினார். அவரிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் 1840-இல் தட்டையான பரப்பைச் செய்யும் முறையை விளக்கினார். மூன்று தகடுகளை எடுத்து, ஒன்றோடொன்றை மாற்றி மாற்றி ஒப்பிட்டு, உயர்ந்த புள்ளிகளைச் சுரண்டிக்கொண்டே போனால் மூன்றும் தட்டையாவதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டு தகடு என்றால் ஒன்று குழிந்தும் ஒன்று குவிந்தும் பொருந்திவிடலாம், மூன்றாவதுதான் பொய்யைப் பிடிக்கும். வீட்டுப் பட்டறையில் உயர்ந்த புள்ளிகளைக் காட்டும் பிரஷ்யன் நீலம் தடவி ஸ்லைடைச் சுரண்டுபவர் செய்வதும் அதேதான். லேத்தில் கடைந்த புஷ் டிரில்லிங் மெஷினுக்குப் போகிறது. டிரில்லிங் மெஷினில் துளையிட்ட கட்டி லேத்தின் டூல் போஸ்ட்டுக்கு அடியில் போகிறது. சேகரிப்பு வளர்வதற்கு இதைவிட நல்ல சாக்கு எனக்குக் கிடைத்ததில்லை.

இப்போது என் கண் டிரில்லிங் மெஷின் மேல். மலிவான டிரில்லிங் மெஷின்களில் ஸ்பிண்டிலைத் தாங்கி ஏறி இறங்கும் குவில் அதன் குழாய்க்குள் பக்கவாட்டில் ஆடும், புதிதாக வாங்கும்போதே ஆடும். பேரிங் மாற்றினாலும் சக் மாற்றினாலும் அந்த ஆட்டம் போகாது. தலையின் வார்ப்பை குவிலின் நீளத்துக்கு ஒரு பக்கம் அறுத்து, குறுக்கே போல்ட் போட்டு லேசாக இறுக்கினால் போய்விடும். சில நல்ல மெஷின்கள் அப்படியே வருகின்றன. அறுக்கும் இடத்தைக் குறித்து வைத்திருக்கிறேன். அறுப்பதற்கு முன் வார்ப்பின் தடிமன் அந்தப் பக்கம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அதற்கு குவிலைக் கழற்றியாக வேண்டும், அதன் சுருள் ஸ்பிரிங்கை அவிழ்க்கும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். லேத் ஓடும்போது கையுறை கூடவே கூடாது, ஆனால் இந்த ஸ்பிரிங் வேறு கதை.